சும்மா செய்த வேலைகள்

2016இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, வந்தாறுமூலையிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வீடு திரும்பினேன். கலைப் பட்டம், பொருளியல். இனி அரசாங்கம் கூப்பிடும், பிள்ளை கந்தோருக்குப் போகும் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அரசாங்கம் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது நானும் சில நாட்கள் போய் இருந்தேன். அந்தக் கோரிக்கை நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அங்கே என் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சரி, எனக்கும் சரி, ஒரு சீவியை, அதாவது வேலைக்குக் கொடுக்கும் தன்விபரத் தாளை, ஒழுங்காக எழுதத் தெரியாது. பதினாறு, பதினேழு வருடப் படிப்பில் அதை யாரும் சொல்லித் தரவில்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெரிய வீதியில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய், சான்றிதழ்களைக் கொடுத்து, "தம்பி, ஒரு சீவி அடிச்சுத் தாங்க" என்றேன். முக்கால் மணித்தியாலத்தில் மூன்று பக்கம் கைக்கு வந்தது. முதல் பக்கம் முழுக்க முழுப்பெயர், முதலெழுத்துகளோடு பெயர், அடையாள அட்டை இலக்கம், சமயம், இனம், திருமண நிலை. இரண்டாம் பக்கத்தில் ஓஎல் (சாதாரண தரம்), ஏஎல் (உயர்தரம்) பெறுபேறுகள் பாடம் பாடமாக. மூன்றாம் பக்கத்தில் ரெபரி இருவர், அதாவது கேட்டால் நம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய, உறவினர் அல்லாத ஆட்கள். அதற்குக் கீழே, மேற்சொன்ன விபரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்துக்கான புள்ளிக்கோடும். இருபது பிரதி எடுத்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையாவது முழுதாக வாசிக்கவில்லை.

மொத்தம் முப்பத்தொரு இடத்துக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், கொழும்பில். இரவுக் கோச்சியில் நித்திரை இல்லாமல் போய், கோட்டை நிலையத்தில் முகம் கழுவி, சாறியைச் சரிசெய்துகொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அங்கே இருந்த ஒரு அம்மா காகிதத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "உங்கட இரண்டாவது ரெபரியோட நேற்றுக் கதைச்சம். அவருக்கு உங்களைத் தெரியாதாம்."

பார்த்தேன். எனக்கும் அவரைத் தெரியாது. வேறு ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் பெயர். எனக்கு முன்னால் வந்த யாருடைய சீவியின் மேலேயோ என்னுடையதை அடித்திருக்கிறார்கள், அந்த ஒரு வரி மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. அதற்கு இரண்டு அங்குலம் கீழே, எல்லாம் உண்மை என்று என் கையெழுத்து. கடைத் தம்பியில் பழி போட எனக்கு வாய் வரவில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. மறுகா எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவரிடம் போனேன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் தொண்டு நிறுவனங்கள் நிறைய இயங்கிய காலத்தில், அப்படி ஒன்றில் ஆள் எடுக்கும் பகுதியில் வேலை செய்தவர். விறாந்தையில் பாயைப் போட்டு மூன்று பக்கத்தையும் பரப்பி வைத்துப் பார்த்தார். பிறகு சீவியைப் பற்றிக் கதைக்காமல் வேறொன்றைக் கேட்டார்.

"வெள்ளாமை வெட்டுற நேரம் உன்னை ஊரில காணக் கிடைக்கிறல்லையே புள்ள, எங்க போற?"

"மாமாட மில்லுக்கு அக்கா."

"அங்க என்ன செய்யிற?"

"சும்மா. கணக்கு எழுதுற."

"எத்தனை வருஷமா?"

ஏஎல் படிக்கும்போது தொடங்கியது. விரல் விட்டு எண்ணினால் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் ஒரு எழுத்துக்கூட அந்த மூன்று பக்கத்தில் இல்லை. சம்பளம் வாங்காமல் மாமாவுக்குச் செய்தது வேலை என்று எனக்கே தோன்றவில்லை.

மாமாவின் மில் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெள்ளாவெளிப் பக்கம். பெரும்போக அறுவடை வந்தால் காலை ஆறு மணிக்கே உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கும். மாமா ஒரு மூட்டையில் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வார். நான் தராசில் நிறையைப் பார்த்து, ஈரத்துக்கும் பதருக்கும் கழித்து, அந்த விவசாயி விதைப்புக் காலத்தில் உரத்துக்கும் டீசலுக்கும் வாங்கிய முற்பணத்தைக் கொப்பியில் தேடி, மிச்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒரு போகத்துக்கு எழுபது பேர் அளவில். கணக்குத் தீர்க்கும் நாளில் ஐந்நூறு ரூபாய் பிசகினாலும் சண்டைதான். 2014இல் பல்கலைக்கழகத்தில் எக்செல் பழகிய கையோடு அந்தக் கொப்பியைக் கணினியில் ஏற்றினேன். அதற்கு முன் போக முடிவில் கணக்குத் தீர்க்க ஐந்து நாள் போகும். பிறகு இரண்டு நாளில் முடிந்தது.

அக்கா இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்புறம் எழுதினார். முடிவில் சீவியின் முதல் அரைப் பக்கம் ஏறக்குறைய இப்படி வந்தது:

"2010 முதல் 2017 வரை, அறுவடைக் காலங்களில் அரிசி மில் ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்கு. ஒரு போகத்துக்குச் சுமார் 70 விவசாயிகளின் முற்பணம், நிறை, கழிவு, மீதிக் கொடுப்பனவு ஆகியவற்றைப் பதிந்து தீர்த்தல். கொப்பிக் கணக்கை எக்செலுக்கு மாற்றியதில், போக முடிவில் கணக்குத் தீர்க்கும் காலம் 5 நாளிலிருந்து 2 நாளாகக் குறைந்தது. நிலுவையில் இருந்த முற்பணங்களை விவசாயிகளோடு பேசி அறவிட்டது."

அனுப்பும்போது ஆங்கிலத்தில்தான் அனுப்பினோம். ஆனால் அக்கா முதலில் தமிழில் எழுதச் சொன்னார். உண்மையில் என்ன செய்தோம் என்பது தாய்மொழியில்தான் தெளிவாக வரும், அதை ஆங்கிலமாக்குவது பிறகு செய்யும் வேலை என்றார். நானும் இன்றுவரை எல்லாரிடமும் அதையே சொல்கிறேன். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர், எதையும் விரைவாகக் கற்பவர் என்று எல்லாச் சீவியிலும் இருக்கும் வரிகள்தான் வந்து விழும். தமிழில் உட்கார்ந்தால் நெல்லும் தராசும் எழுபது விவசாயிகளும் வருவார்கள்.

அந்தச் சீவி ஒரே பக்கம். அதை வைத்து நான்காவது மாதம் கல்முனையில் ஒரு லீசிங் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விளம்பரம் பார்த்துக் கிடைத்ததல்ல. அதற்கு முன் யாரைக் கண்டாலும் "ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்க" என்பேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அக்கா சொன்ன பிறகு, "கணக்குப் பகுதி, இல்லாட்டி கடன் அறவிடுற பகுதி. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கயெண்டாலும் பஸ்ஸில போய் வருவன்" என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இதைக் கேட்ட ஒருவர், கல்முனைக் கிளையில் ஆள் தேடுகிறார்கள் என்றார். நம் பக்கத்துத் தனியார் வேலைகளில் பாதிக்கு மேல் இப்படி வாய்வழியாகத்தான் வருகிறது என்பது என் அனுபவம். என்ன வேலை, எந்த ஊர் வரைக்கும் என்று துல்லியமாகச் சொன்னால் கேட்டவரின் மனதில் அது நிற்கும். உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலுத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் பெயரைப் பதிந்து வையுங்கள். தொழிற்சந்தை வைத்தால் அறிவிப்பார்கள்.

இப்போது சில வருடங்களாக அதே துறையில் நானே ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு வேலைக்கு நூறு சீவி வந்தால், முதல் பார்வையில் ஒன்றுக்கு அரை நிமிடம்தான் என்னால் கொடுக்க முடிகிறது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நூறில் பலவற்றின் பின்னால் இரவுக் கோச்சியில் வரத் தயாரான ஒரு பிள்ளை இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். அந்த அரை நிமிடத்தில் என் கண் முதல் அரைப் பக்கத்தைத் தாண்டிப் போகாது. அங்கே உங்கள் சமயமும் திருமண நிலையும் இருந்தால், செய்த வேலை என் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே பெயர், ஊர், தொலைபேசி, மின்னஞ்சல் இரண்டு வரிக்குள் முடியட்டும். அதற்கு அடுத்தது செய்த வேலை, மிகக் கிட்டியது முதலில். படிப்பு அதற்குப் பிறகு. பட்டம் முடித்தவர் ஓஎல் பாடங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தேவையில்லை, விளம்பரத்தில் ஆங்கிலமோ கணிதமோ கேட்டிருந்தால் அதை மட்டும் போடுங்கள். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் சீவியில் அடையாள அட்டை இலக்கம் வேண்டியதில்லை. யார் போட்டது என்று தெரியாத பேஸ்புக் விளம்பரத்துக்கு அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியையும் சேர்த்து அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தொலைபேசி இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெரிவு செய்தவர்களுக்குப் போன் எடுத்தால் பத்தில் இரண்டு மூன்று இலக்கம் வேலை செய்வதில்லை. சிம்மை மாற்றியிருப்பார்கள், சீவியில் பழையதே இருக்கும். வேலை தேடும் காலம் முழுக்க ஒரே இலக்கத்தை வைத்திருங்கள். அது அப்பாவுடைய இலக்கம் என்றால் அவரிடம் சொல்லி வையுங்கள். வயலில் நின்று எடுத்த ஒரு தகப்பன், மகள் எந்த வேலைக்குப் போட்டாள் என்று தெரியாமல், பிழையான இலக்கம் என்று வைத்துவிட்டார். நாங்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டோம். அந்தப் பிள்ளையிடம் பிறகு யாராவது சொன்னார்களோ தெரியாது.

சீவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயரையும் கேட்கும் பதவியையும் வையுங்கள். "புதுச் சீவி கடைசி" என்ற பெயரில் ஒரே நாளில் எனக்கு நாலு வந்திருக்கிறது.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேண்டும். மூன்று மொழிக்கும் நேரே "மிக நன்று" என்று போட்டுவிட்டு வருகிறார்கள், தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்தவர் சிங்களத்தில் முதல் கேள்வி கேட்டதும் முகம் வாடிப்போகிறது. "சிங்களம்: பேசினால் விளங்கும், ஓரளவு பேசுவேன், எழுதத் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்தபோது மற்றதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தது. எடுத்தோம். இன்று அவர் சிங்களத்தில் எழுதுகிறார்.

ரெபரியைப் பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. பெயர் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். சீவியின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள், எந்த வேலைக்குப் போட்டீர்கள் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டாம், உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர் போதும். என் புதிய சீவியில் ஒருவர் விரிவுரையாளர். மற்றவர் மில்லுக்கு நெல் கொண்டு வரும், கமக்காரர் அமைப்பில் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர். கல்முனையிலிருந்து போன் போனபோது அவர் என்ன சொன்னார் என்று பிறகு தெரியவந்தது: "ஏழு வருஷத்தில அந்தப் புள்ள எனக்கு ஒரு சதம் பிழை விடல்ல."

அரச வேலைக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் மாதிரி விண்ணப்பப் படிவம் எப்படி இருக்கிறதோ அப்படியே, இலக்கம் மாறாமல் நிரப்ப வேண்டும். தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால், கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர், பதிவுத் தபால், முடிவுத் திகதிக்கு முன். அங்கே உங்கள் திறமையை விளக்க இடமில்லை, தகுதியும் படிவமும் சரியாக இருந்தால் சரி. அரச வேலைக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. போட்டுவிட்டுக் காத்திருக்கும் வருடங்களைச் சும்மா கழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் அத்தான் அக்கரைப்பற்றில் பன்னிரண்டு வருடம் வெல்டிங் செய்தவர். கையில் ஒரு தாள் இல்லை. கட்டாருக்குப் போக முயன்றபோது அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். படித்துச் சான்றிதழ் எடுக்க வயது போய்விட்டது என்று விட்டுவிட்டார். ஆனால் ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் செய்து காட்டி என்விகியூ என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவிலும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைகளின் படங்களும் பில்களும் இருந்தால் கொண்டு போக வேண்டும். அத்தான் செய்த கேற்றுகளை ஊர் ஊராய்த் தேடி நாங்கள் படம் எடுத்தோம். நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கேட்காமல் கடவுச்சீட்டையும் காசையும் கொடுத்து அழுதவர்கள் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் நியமனக் கடிதம் கேட்க மறப்பவர்கள் அதிகம். கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, நிறுவனம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நிறுவனமே கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. கட்டுகிறார்களா என்று பாருங்கள். அடுத்த சீவிக்கு, இந்த இடத்தில் வேலை செய்தேன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. விட்டு விலகும்போது சேவைச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

போன மாதம் பழுகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். ஏஎல் முடித்து ஐந்து வருடம். ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போட வேண்டும், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளைத் தந்தாள். கொமினிகேஷனில் அடித்ததுதான். "வேலை அனுபவம்" என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது.

"இந்தச் சட்டை ஆர் தைச்ச?" என்றேன்.

"நான்தான் அக்கா."

"வேற ஆருக்கும் தைக்கிறயா?"

"சும்மா, ஊர்ப் புள்ளையளுக்கு யூனிபோம் தைச்சுக் குடுக்கிறன்."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, தொண்டை அடைத்தது. கொப்பி ஏதும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு எண்பது பக்கக் கொப்பியை எடுத்தாள். மார்பளவு, தோளளவு, கையின் நீளம், வாங்கிய முற்பணம், கொடுக்க வேண்டிய திகதி என்று கோடு போட்டுப் பிரித்திருந்தாள். திருப்பிக் கொண்டுவந்த உடுப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு குறி, ஏன் திருப்பினார்கள் என்று இரண்டு சொல்: "கை இறுக்கம்", "கொலர் சாய்வு". இருவரும் தரையில் இருந்து எண்ணினோம். பாடசாலை தொடங்கும் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் 214 உடுப்பு. திருப்பி வந்தது ஒன்பது. இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு பிள்ளை, அவளுக்குத் தைக்கப் பழக்கியதும் இவள்தான்.

தரம் பார்க்கும் வேலைக்குப் போகிறவள், தான் தைத்ததில் எத்தனை திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று ஐந்து வருடமாக எழுதி வைத்திருக்கிறாள். அதைவிட அந்த வேலைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? தமிழில் எழுதினோம், அப்புறம் ஆங்கிலத்தில். ஒரு பக்கம் வந்தது. அவளையே சத்தமாக முழுதும் வாசிக்க வைத்தேன், ரெபரியின் பெயரும் இலக்கமும் உட்பட. ஒன்பதரை மணி ஆகிவிட்டது. அவளுடைய அப்பா வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

பதினொரு நாள் கழித்துப் போன் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சான்றிதழ்களின் பிரதி எல்லாம் எடுத்துவிட்டேன் என்றாள். கொஞ்சம் தயங்கி, "அந்தக் கொப்பியையும் கொண்டு போகவா அக்கா, பழைய கொப்பி, மட்டை கிழிஞ்சிருக்கு" என்றாள்.

மட்டை போட வேண்டாம், அப்படியே கொண்டு போ என்றேன்.